ஒரே காணொளி, இரண்டு திரை

லேப்டாப்பில் காணொளி மங்கலாகத் தெரிந்தால் உடனே காணொளியைக் குறை சொல்லாதீர்கள்.

காலமான என் மனைவி வலையபட்டி வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசும் பதிவு ஒன்று இருக்கிறது. அவள் குரல் கேட்க அது ஒன்றுதான். லேப்டாப்பில் முகம் கலங்கித் தெரிந்தது. பார்க்க வந்தவர், "ஃபைல் போயிடுச்சு சார், கன்வெர்ட் பண்ணிட்டுப் பழசை அழிச்சிடலாம்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. பேத்தி டிவியை லேப்டாப்போடு இணைத்து, "ஐயா, இதுல அப்பத்தா நல்லாத்தானே தெரியுறாங்க" என்றாள்.

இரண்டுமே 1920×1080 திரைகள். என் கண்ணுக்காக லேப்டாப்பில் எல்லாவற்றையும் 150 சதவீதமாகப் பெரிதாக்கி வைத்திருக்கிறோம், டிவியில் 100. பழைய பிளேயருக்கு இந்தக் கணக்கு தெரியாது. லேப்டாப்பில் 1280×720 அளவுக்கே படம் வரைகிறது. விண்டோஸ் அதை இழுத்துத் திரையை நிரப்புகிறது. பலூனில் எழுதி ஊதினால் எழுத்து வெளிறுமே, அப்படி.

பிளேயர் ஐகானில் ரைட் கிளிக், ப்ராபர்ட்டீஸ், கம்பேட்டிபிலிட்டி, 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. அங்கே கீழே உள்ள கட்டத்தில் டிக் போட்டு, 'அப்ளிகேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிளேயரை மூடித் திறங்கள். அதன் பட்டன்களெல்லாம் எறும்பாகச் சிறுத்துவிடும், இருக்கட்டும். இப்போது அவள் தோட்டின் ஏழு கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது.