காவிரிக் கரையில் பாடம் சேகரித்த கோடை

தில்லியில் பள்ளிகளுக்கு மே மாதத்தில் விடுமுறை தொடங்கிவிட்டால், ஜூன் முடியும்வரை நம்மவர் வீடுகளில் பாதி பூட்டியே கிடக்கும். அறுபது நாட்களுக்கு முன்பே ரயிலில் இடம் பிடித்து வைத்தவர்கள் பாக்கியசாலிகள். ஆக்ராப் பேட்டாவும் கம்பளிச் சால்வையுமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்கள். ஊறுகாயும் வற்றலும் காப்பிப் பொடியுமாகத் திரும்பி வருவார்கள். பாட்டுச் சொல்லிக் கொடுப்பவளான எனக்கும் இந்த வழக்கத்தில் மாறுதல் இல்லை. ஆனால் என் பெட்டியில் ஒரு நோட்டுப் புத்தகமும் கூடவே போகும். அடுத்த ஆண்டு வகுப்புக்கு என்ன வேண்டும் என்பதை அதில் குறித்துக்கொண்டு, உறவினர் வீடுகளுக்குப் போகும் வழியிலேயே அதைத் தேடுவது என் பழக்கம்.

இம்முறை அந்தத் தேடலுக்கு அவசரம் இருந்தது. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு வகுப்பில் முன்பு 22 பிள்ளைகள் இருந்தனர். ஏப்ரலில் 9 பேர்தாம் எஞ்சினர். விஜயதசமிக்குள் வகுப்புத் தழைக்காவிட்டால் அந்த நேரத்தை வேறொரு வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகிகள் எண்ணியதில் தவறில்லை. இடமோ ஒரு கூடந்தான், கேட்பவர்களோ பலர்.

பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? படிப்புச் சுமை என்று பெற்றோர் கூறுவர். அது உண்மையே, எனினும் முழு உண்மையன்று. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுள் பலருக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. பாட்டை இந்தி எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். பள்ளியில் கற்கும் இந்தி எழுத்தில் குறில் எகரமும் ஒகரமும் இல்லை. எனவே ‘எடு’ என்பது ‘ஏடு’ ஆகிறது; ‘கொடு’ என்பது ‘கோடு’ ஆகிறது. பொருள் போவது ஒருபுறம் இருக்க, ஒரு மாத்திரை இரண்டு மாத்திரையாக நீண்டு, தாளத்தில் சொல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதில்லை. இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு. இந்தியில் சொல்லின் ஈற்றில் நிற்கும் அகரத்தை ஒலிப்பதில்லை. ‘ராம’ என்று எழுதி ‘ராம்’ என்று படிப்பார்கள். நம் பாட்டிலோ அந்த ஈற்று அகரத்தின்மேல்தான் ஒரு முழு அட்சரம் அமர்ந்திருக்கும்! ழகரத்தின் கதியைச் சொல்ல வேண்டுவதில்லை. தாளம் தவறுகிறது என்று குழந்தையைக் கடிந்துகொள்கிறோம். தவறுவது கை அன்று, எழுத்து.

இந்த நினைவுகளோடு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவுகள் கழித்து, சென்னை எழும்பூரில் வண்டி மாறி, முதலில் மயிலாடுதுறையில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். 1982 முதல் ஊரின் பெயர் மயிலாடுதுறைதான். 2020 இறுதியில் தனி மாவட்டமும் ஆயிற்று. ஆயினும் அண்ணி இன்றும் ‘மாயவரம்’ என்றே சொல்கிறார். இவ்வூரில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையை, 1879இல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்னும் முதல் தமிழ் நாவலின் ஆசிரியராக எல்லோரும் அறிவர். அவர் எச்சமயத்தாரும் பாடத்தக்க ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்’ இயற்றியதை அறிந்தவர் குறைவு. பல சமயத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்காரும் நம் வகுப்புக்கு அவை மிகப் பொருத்தம். பழைய பதிப்பு ஒன்று அண்ணனின் நண்பரிடம் இருந்தது, வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொண்டேன். அங்கே மூன்று நாள் அண்ணியின் கைச்சமையலைத் தவிர வேறு செய்தி இல்லை.

சீகாழிக்கு அங்கிருந்து பேருந்தில் போய் வரலாம். முத்துத்தாண்டவர் பிறந்த ஊர். ‘இராம நாடகம்’ பாடிய அருணாசலக் கவிராயர் வாழ்ந்த ஊர். இவர்களோடு தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் சேர்ந்து தமிழிசை மூவர் எனப் போற்றப்படுகிறார்கள். ஆனால் என் மனம் நின்றது ஊரையடுத்த திருக்கோலக்காவில்தான். கையால் தாளமிட்டுப் பாடிய குழந்தை ஞானசம்பந்தருக்குக் கை நோகுமே என்று இறைவன் பொற்றாளம் அருளினான் என்றும், பொன்னில் ஓசை எழாதாகையால் அம்மை அதற்கு ஓசை கொடுத்தாள் என்றும் தலபுராணம் சொல்கிறது. அம்மையின் திருநாமமே ஓசை கொடுத்த நாயகி. பேச்சு வராத குழந்தைகளைப் பெற்றோர் இங்கு அழைத்து வந்து வேண்டிக்கொள்வது வழக்கம். நான் போன அன்றும் ஓர் இளந்தாய், நாலு வயதுப் பிள்ளையைச் சந்நிதியில் நிறுத்தி, அதன் உள்ளங்கைகளைப் பிடித்து மெல்லத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை சிரித்தது, தானும் ஒருமுறை தட்டியது. பாட்டுக்குமுன் தாளம், தாளத்துக்குமுன் கை என்னும் முறையை எந்தச் சங்கீதப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

திருவாரூரில் அத்தை இருக்கிறார், வயது 84. கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று அவ்வூரார் பெருமையாகச் சொல்வதைக் கமலாலயத்தின் கரையில் நின்றால் நம்பத்தான் வேண்டும். சியாமா சாஸ்திரிகள் 1762இலும், தியாகராஜ சுவாமிகள் 1767இலும், அவர்களுக்கு இளையவரான முத்துசுவாமி தீட்சிதர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்தும் இந்த ஓர் ஊரிலேயே பிறந்தார்கள் என்பது வியப்பினும் வியப்பு. மூவர் பிறந்த இடங்களும் நினைவிடங்களாகப் போற்றப்படுகின்றன. கோயிலில் ஐந்து முகங்களையுடைய பஞ்சமுக வாத்தியத்தையும் பிள்ளைகளுக்காகப் படம் எடுத்துக்கொண்டேன்.

தீட்சிதரை வடநாட்டுத் தமிழர்களாகிய நாம் தனி உரிமையோடு கொண்டாடலாம் என்பது என் கருத்து. அவர் இளமையில் காசியில் பல ஆண்டுகள் தங்கியவர். ‘ஜம்பூபதே’யில் யமுனா கல்யாணியும், ‘சேதஸ்ரீ பாலகிருஷ்ண’த்தில் துவிஜாவந்தியும் ஒலிக்கும்போது, பள்ளியில் யமனும் ஜெயஜெயவந்தியும் கேட்ட நம் பிள்ளைகள் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். அதுமட்டுமா? சென்னைக்கு அருகே மணலியில் குடும்பத்தோடு இருந்தபோது ஆங்கிலேயரின் வாத்தியக் கோஷ்டி வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தாரே, அந்த நோட்டுஸ்வரங்கள் குழந்தைகளுக்கென்றே பிறந்தவை போன்றவை. கமகம் இல்லை, சங்கராபரணத்தின் நேரான சுரங்கள், ஓடி விளையாடும் நடை.

அத்தை வீட்டுக்கு வருகிறேன். அவர் மேடை ஏறியவர் அல்லர். குருவிடம் கற்றவரும் அல்லர். கல்யாண வீடுகளில் ஊஞ்சல், நலங்கு, கும்மி, தொட்டில் வீடுகளில் தாலாட்டு என்று ஐம்பது அறுபது ஆண்டுகள் பாடியவர். கூடத்தில் அவரை உட்கார வைத்துக் கைபேசியை முன்னே வைத்து, “பாடுங்கள் அத்தை” என்றேன். இரண்டு வரி வந்தது, மூன்றாவது வரவில்லை. “மறந்துபோச்சு அம்மாடி” என்று முகம் வாடிவிட்டார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பிற்பகல், வெயிலுக்காகக் கதவைச் சாத்திவிட்டு அவர் ஊஞ்சற் பலகையில் அமர்ந்து காலால் உந்தியபோது, யாரும் கேட்காமலே பாட்டுத் தொடங்கியது. ஊஞ்சல் முன்னே போகையில் ஓர் அடி, பின்னே வருகையில் அடுத்த அடி. சங்கிலி கிறீச்சிடும் இடத்தில் மூச்சு. ஒரு சொல் தடைப்படவில்லை. அது ஆனந்தபைரவி. அதைச் சொன்னேன்.

“ராகமெல்லாம் எனக்கு என்ன தெரியும்? மாமியார் பாடினபடி பாடுகிறேன். இதை வைத்துக்கொண்டு தில்லியில் என்ன செய்யப்போகிறாய்?”

“பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன், அத்தை.”

“அங்கே வீட்டுக்கு வீடு ஊஞ்சல் இருக்கிறதா?”

இதற்கு நான் விடை சொல்லவில்லை. அவருடைய மக்கள் இருவரும் வெளியூரில் உத்தியோகத்தில் இருக்கிறார்கள். வரும் தை பிறந்ததும் இந்த வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாயைச் சென்னையில் தம்மோடு வைத்துக்கொள்வதென்று முடிவாகியிருக்கிறது. முதிய வயதில் தனியே விட்டு வைக்க அவர்களுக்கு மனமில்லை, அது நியாயமே. ஆனால் அந்த அடுக்குமாடி வீட்டின் கூரையில் ஊஞ்சல் மாட்ட வளையம் இல்லை.

நான்கு நாள் என்று போனவள் பதினொரு நாள் தங்கினேன். ஊஞ்சலில் 6 பாட்டுகள், பேரன் மகனின் தொட்டிலை ஆட்டுகையில் நீலாம்பரியில் 2 தாலாட்டுகள், அரிசி புடைக்கும்போது ஒரு நலங்கு என 9 பாட்டுகள் முழுமையாகக் கிடைத்தன. இன்னும் மூன்று பாதியில் நிற்கின்றன. அவற்றுக்குரிய வேலை எதுவோ, அதை அவர் செய்யும்போது நான் அருகில் இருக்க வேண்டும்.

தஞ்சையில் மாமா வீடு. நகரில் வீணை செய்யும் பட்டறை ஒன்றுக்கு அவர் அழைத்துச் சென்றார். குடமும் தண்டியும் யாளி முகமும் ஒரே பலாமரத்தில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. இருபத்து நான்கு மெட்டுகளையும் மெழுகில் பதிக்கும் நேரத்தில் தொழிலாளி பேசுவதில்லை. காதைத் தாழ்த்திக்கொண்டு ஒவ்வொரு சுரமாகச் சரிபார்க்கிறார். மெட்டுகள் இவ்வாறு நிலையாக அமைந்தது இரகுநாத நாயக்கர் காலத்தில் என்பர். சுருதிகளைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1917இல் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதரும் தஞ்சையில் வாழ்ந்தவரே. வைத்தியராக இருந்து ஈட்டிய பொருளைச் சங்கீத ஆராய்ச்சிக்கும் மாநாடுகளுக்கும் செலவிட்டவர். இத்தகையவர்களை நினைத்தால், ஒன்பது பிள்ளைகளோடு வகுப்பு நடத்துவதற்கு அலுத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது.

தஞ்சையிலிருந்து திருவையாறு சுமார் 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் தாண்டிப் போக வேண்டும். ஊரின் பெயர்க் காரணம் அதுவே. மே மாதக் கடைசியில் ஐந்திலும் மணல்தான் இருந்தது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். 2022இல் மே 24ஆம் நாளே திறந்தார்கள். மழை பொய்த்த ஆண்டுகளில் நாள் தள்ளியும் போகும். தியாகராஜர் சமாதியின் பின்புறப் படித்துறையில் நின்று, நீரில்லாக் காவிரியையும் படம் எடுத்துக்கொண்டேன். பாட்டில் வரும் காவிரி மட்டும் தெரிந்த பிள்ளைகளுக்கு இதுவும் தெரிய வேண்டும்.

பாழ்பட்டுக் கிடந்த சமாதிக்கு 1920களில் தம் பொருளைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆராதனையில் பெண்கள் பாட இடம் இல்லாத அக்காலத்தில் பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தியவரும் அவரே. 1952இல் மறைந்த அவருடைய சமாதியும் அருகிலேயே இருக்கிறது. வகுப்பிலுள்ள ஒன்பது பேரில் ஏழு பேர் பெண் குழந்தைகள். இந்த வரலாற்றை அவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். திரும்பும்போது அசோகா அல்வா வாங்கத் தவறவில்லை. பாசிப்பருப்பில் செய்யும் அந்த அல்வாவை இரண்டு நாள் ரயிலில் காப்பாற்றிக் கொண்டுவருவது தனி வித்தை!

ஜூன் நடுவில் தில்லிக்குத் திரும்பி, பாக்கி நாட்களில் பாடத்திட்டத்தை எழுதி முடித்தேன். முதல் மாதம் நோட்டுஸ்வரங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆர்மோனியத்தோடு கற்கும் சுரவரிசை பிலாவல், அதாவது நம் சங்கராபரணம். அவர்கள் ‘சுத்த’ ரிஷபம் என்பது நாம் சதுச்ருதி ரிஷபம் என்பது. நம் சுத்த ரிஷபமோ அவர்களுக்குக் ‘கோமள்’ ரிஷபம். எடுத்த எடுப்பில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்கினால் குழந்தை திகைக்கிறது. தெரிந்த வரிசையில் நான்கு பாட்டு மகிழ்ந்து பாடிய பின், புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லும் அந்த வரிசைக்கு வரலாம். அதை அடியோடு விட்டுவிட வேண்டும் என்போரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு வகுப்பிலும் முதல் பத்து நிமிடம் எழுத்துக்கு. குறிலுக்கு ஒரு தட்டு, நெடிலுக்கு இரண்டு தட்டு. திருக்கோலக்காவில் கண்டபடி கையிலேயே தொடங்கப் போகிறோம். ‘எடு, ஏடு, கொடு, கோடு, பெறு, பேறு’ என்று தட்டிக்கொண்டே எழுதினால், தாளமும் எழுத்தும் ஒன்றாகவே வரும். பிறகு அத்தையின் ஊஞ்சற் பாட்டு. ஊஞ்சல் இல்லாவிட்டால் என்ன? சங்கக் கூடத்துக்கு அடுத்த பூங்காவில் பிள்ளைகள் ஆடும் ஊசல் இரண்டு இருக்கின்றன.

ஜூலை முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு வகுப்புத் தொடங்குகிறது. உங்கள் வீட்டிலும் பாட்டியோ அத்தையோ இருந்தால் பிள்ளைகளோடு அவரையும் அழைத்து வாருங்கள். அவர் பாடத் தயங்கினால், எந்த வேலை செய்யும்போது பாடுவார் என்பதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்; புரட்டாசி விடுமுறையில் நான் மறுபடி திருவாரூர் போகுமுன் உங்கள் வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்கிறேன்.