படியும் அளவும்

வீடு கட்டுவோர் கூடத்திற்கும் அறைகளுக்கும் இடம் ஒதுக்கிய பின், எஞ்சிய மூலையையே படிக்கட்டிற்குத் தருவது பெருவழக்கு. அதனால் விளையும் இடர் சிறிதன்று.

சிற்றூர் ஒன்றில் ஆசிரியர் ஒருவர் தம் வீட்டின்மீது மாடி எழுப்பினார். தளக்கல் பாவிய பின் கீழ்த்தளத்திற்கும் மேல்தளத்திற்கும் இடையே 306 சென்டிமீட்டர் உயரம் அமைய வேண்டும். கூடத்தின் பரப்புக் குறையலாகாது எனக் கருதிய அவர், 14 படிகளே போதும் என்றார்.

முதிய மேஸ்திரி தயங்கினார். “ஐயா, ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் உயருமே! தங்கள் அன்னையார் எவ்வாறு ஏறுவார்?” என்று வினவினார்.

“அம்மாவுக்கு மாடியில் என்ன வேலை?” என்றார் ஆசிரியர்.

திண்ணையில் அமர்ந்திருந்த அன்னையார், “பேரப்பிள்ளைகள் மாடியில்தானே படுப்பார்கள், தம்பி?” என்று மட்டும் கூறினார். ஆசிரியர் தலைகவிழ்ந்தார், “தாங்கள் எண்ணியவாறே கட்டுங்கள்” என்று மேஸ்திரியிடம் கூறினார்.

மேஸ்திரி 306-ஐ 17 படிகளாகப் பகுத்தார். ஒரு படிக்கு 18 சென்டிமீட்டர் உயரம் வந்தது. கால் ஊன்றும் அகலத்தை 27 சென்டிமீட்டராகக் கொண்டார். இவ்வளவில் ஒரு நுட்பம் உண்டு. உயரத்தை இரட்டித்து அகலத்தைக் கூட்டினால் 63 சென்டிமீட்டர் வருகிறது. அது மனிதன் இயல்பாக எடுத்து வைக்கும் ஓரடியின் நீளத்தை ஒத்தது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கட்டடக்கலை அறிஞர் பிளாண்டெல் வகுத்த விதி இதுவே. குடியிருப்பு வீட்டுப் படியின் உயரம் 19 சென்டிமீட்டரை மிஞ்சலாகாது, அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையலாகாது என்பது இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 கூறும் வரம்பு.

ஒன்பதாம் படியில் இளைப்பாற ஒரு மேடையும், நெடுகப் பற்றிக்கொள்ளக் கைப்பிடியும் அமைந்தன.

எனினும், மேஸ்திரி மிகுதியாகக் கவலை கொண்டது படிகளின் ஒப்புமை பற்றியே. இரண்டு மூன்று படிகள் ஏறியதும் கால் அவ்வுயரத்தைக் கற்றுக்கொள்கிறது. பின்னர்க் கண் அதனைக் காவல் செய்வதில்லை. தளக்கல்லின் கனத்தை மறந்து அளந்தால், கடைசிப் படி மட்டும் ஓரிரு விரற்கடை உயர்ந்துவிடும். கற்ற பாடத்தை நம்பிய கால் அங்கே இடறும். இறங்கும்போது அவ்விடறல் இன்னும் கொடியது. ஆதலின், அவர் கல்லின் கனத்தையும் சேர்த்தே அளந்தார்.

கூடம் சிறிது குறுகியது. ஆனால், புதுமனை புகுந்த அன்று மாலை, அன்னையார் கைப்பிடியைப் பற்றி மெல்ல ஏறினார், இடைமேடையில் சற்றே நின்றார், மீண்டும் ஏறினார். மேலே நின்று அழைத்த பேரப்பிள்ளைகளின் முகத்தையே அவர் நோக்கினார். ஒருமுறையேனும் காலடியை நோக்கவில்லை.

படியை வலியவரின் காலால் அளத்தல் எளிது. தளர்ந்தவரின் காலால் அளத்தலே அறிவும் அன்பும் ஆகும்.