ஹேவ்லாக் கடலுக்குள் கேமராவோடு போகிறீர்களா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவு 2018-ல் ஸ்வராஜ் த்வீப் ஆனது. ஸ்கூபா டைவிங் மோகம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைவிட இரண்டு மடங்கு. கேமரா உறையின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் புகுந்துவிடும். முதலில் காலி உறையை மூழ்கடித்துப் பாருங்கள்.

சில மீட்டரிலேயே சிவப்பு மங்கி, எல்லாம் நீலமாகிவிடும். டைவ் லைட் இருந்தால் உண்மையான நிறம் கிடைக்கும். ஜூம் வேண்டாம், அருகில் போங்கள். ஆனால், பவளத்தைப் பிடிக்காதீர்கள். அது உயிருள்ளது.

கரையேறியதும் உறையைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் ஊறவையுங்கள். உப்பு காய்ந்தால் பட்டன்கள் இறுகிவிடும்.

முதல் டைவா? கேமரா கரையிலேயே இருக்கட்டும். தண்ணீருக்குள் நிதானமாக மூச்சுவிடப் பழகுவதே அன்றைய வேலை. மீன்கள் எங்கே போய்விடப்போகின்றன!