கோலத்தில் விழுந்த சொட்டு

வாசலில் போட்ட கோலத்தின் நடுவில் கறுப்பாக ஒரு சொட்டு விழுந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பாளி? எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி கிளம்பியபோது, குற்றவாளிக் கூண்டில் ஏறக் கூடியவர்கள் இரண்டே பேர்தாம் இருந்தார்கள். ஒருவர் தினந்தோறும் காலையில் வந்து போகும் பால்காரர். மற்றது வாசற்படியோரமாக நிற்கும் என்னுடைய மோட்டார் சைக்கிள். நான் கொஞ்சமும் யோசியாமல் பால்காரருடைய வண்டியின் மேல் பழியைப் போட்டேன்.

"பால்காரர் சைக்கிளில் அல்லவா வருகிறார்? சைக்கிளுக்கு எண்ணெய் ஒழுகுமா?" என்று என் மனைவி கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் 18 வருஷமாகப் பௌதிகம் கற்பித்து வரும் எனக்கு இந்தச் சுலபமான கேள்விக்கு விடை தெரியவில்லை. அவள் உள்ளே போன பிறகு குனிந்து பார்த்தேன். வண்டியின் முன் போர்க்கில், பளபளவென்று இருக்கும் குழாயைச் சுற்றி மோதிரம் போட்டாற்போல் எண்ணெய் வளையம் ஒன்று தெரிந்தது. பழந்துணியால் அழுத்தித் துடைத்தேன். வளையம் போய்விட்டது. விஷயமும் தீர்ந்துவிட்டது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

அந்தத் தீர்மானத்தைப் பிறகு ஒரு மாத காலம் தினந்தோறும் புதுப்பித்து வந்தேன். காலையில் எழுந்ததும் முதல் காரியம் வளையத்தைத் துடைப்பது. இரண்டாவது காரியம் துணியை ஒளித்து வைப்பது.

மோட்டார் சைக்கிளில் ஏறிப் பழக்கமில்லாத வாசகர்களுக்கு இந்த எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று சொல்லவேண்டும். முன் சக்கரத்தின் இரு பக்கமும் நிற்கும் கால்களுக்குப் போர்க் என்று பெயர். ஒவ்வொரு காலும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்குகிற இரண்டு குழாய்களால் ஆனது. உள்ளே நீளமான ஒரு வில்சுருள். அதைச் சுற்றி எண்ணெய். பள்ளத்தில் சக்கரம் விழுந்தால் வில்சுருள் அடியைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் வில்சுருளுக்குத் தாங்கத்தான் தெரியுமே ஒழிய அடங்கத் தெரியாது. எண்ணெய் இல்லாவிட்டால் வண்டி பந்தைப் போல் குதித்துக்கொண்டே இருக்கும். சிறு துவாரங்கள் வழியாக நெருக்கிக்கொண்டு போகும் எண்ணெய்தான் அந்தத் துள்ளலைச் சூடாக மாற்றி அடக்குகிறது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் இத்தகைய ஏற்பாட்டை முதன் முதலில் பெற்றவை, ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியார் 1935இல் வெளியிட்ட ஆர் 12, ஆர் 17 என்ற வண்டிகள்.

இரண்டு குழாய்களும் சந்திக்கும் வாயில் ரப்பர் வளையம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதற்குத்தான் ஆயில் சீல் என்று பெயர். அதன் மெல்லிய உதடு குழாயைச் சுற்றிலும் கவ்விக்கொண்டிருக்கும். உதடு தளராமல் இருக்க அதன் பின்னால் நூல் போன்ற வில்சுருள் ஒன்று அரைஞாண் கட்டினாற்போல் சுற்றியிருக்கும். குழாய் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெயை உள்ளேயே வழித்துத் தள்ளுவது அந்த உதட்டின் வேலை. அது தவறினால் எண்ணெய் வெளியே வரும். வந்த எண்ணெய் சும்மா இராது. காலின் வழியே கீழே இறங்கும். கீழே இருப்பது முன் பிரேக்!

இதையெல்லாம் அறியாதவனல்ல நான். அறிந்துகொண்டேதான் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் விடுமுறை வந்தது. விடுமுறை என்றால் எனக்கு நெடும் பிரயாணம் என்று அர்த்தம். பதினான்கு வயதான என் பெண், கொல்லிமலைக்குப் போய் ஆகாய கங்கை அருவியைப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அடிவாரத்தில் காரவள்ளியைத் தாண்டியதும் மலைப் பாதை ஆரம்பமாகிறது. மேலே போய்ச் சேருவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் என் பெண் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் இறங்கும்போதும் எண்ணினாள். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டியின் பாரமெல்லாம் முன்னால் சாய்கிறது. போர்க் ஆழமாக அமுங்குகிறது. அமுங்கும்போதெல்லாம் என் எண்ணெய் வளையம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருகிக்கொண்டே வந்திருக்கவேண்டும். இருபத்திரண்டு என்று அவள் சொன்ன வளைவில் முன் பிரேக்கை அழுத்தினேன். கைப்பிடி வழக்கம்போல் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் வேகம் குறையவில்லை. வழுக்கிக்கொண்டே போயிற்று.

கியரைக் குறைத்து, பின் பிரேக்கை மிதித்து, மலைப் பக்கத்துச் சுவரோரமாக ஒருவாறு நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் காலெல்லாம் எண்ணெய். பிரேக் தட்டு விளக்கொளி பட்ட குத்துவிளக்குப் போல் மின்னிக்கொண்டிருந்தது.

"அப்பா, பிரேக் பிடிக்கவில்லையா?"

"ஒன்றுமில்லை அம்மா. சூடாகிவிட்டது. ஆறினால் சரியாகிவிடும்."

அவள் எண்ணெயைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலிருந்து ஒரு பஸ் வந்தது. கை காட்டி நிறுத்தி அவளை ஏற்றினேன். மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக அவள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மீதி வளைவுகளை முதல் கியரில், நடக்கிறவர்களும் முந்திக்கொண்டு போகும்படியான வேகத்தில், நின்று நின்று இறங்கினேன். அவற்றை எண்ண யாரும் இல்லை.

வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வைத்தியத்துக்கு உட்கார்ந்தேன். எண்ணெய் குடித்த பிரேக் பேடுகளைக் கழுவி உபயோகிக்கலாகாது. எறிந்துவிட்டுப் புதியவை வாங்கினேன். எஞ்சினுக்குக் கீழே கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கிக் கழற்றினேன். மேல் மூடியைக் குழாய் இறுக்கத்தில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளவேண்டும். அதைக் கடைசியில் திறக்கையில் முகத்தை விலக்கிக்கொள்ளவேண்டும், உள்ளே வில்சுருள் காத்திருக்கிறது. பழைய எண்ணெய் வெந்நீரில் கரைத்த சாம்பலைப் போல் வந்தது. அடிப் போல்ட்டைக் கழற்றி, கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, குழாயை நாலைந்து தரம் வெடுக்கு வெடுக்கென்று இழுத்ததும் பழைய சீல் கழன்று வந்தது. புதிய சீலின் உதட்டைக் குழாயின் விளிம்பு கீறாதபடி பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவி, மெதுவாக ஏற்றினேன். அளவான பி.வி.சி. குழாய்த் துண்டால் நாலு புறமும் சமமாகத் தட்டி உட்கார வைத்தேன். இரண்டு கால்களிலும் புத்தகத்தில் கண்ட அளவுப்படி ஒரே மட்டமாகப் புது எண்ணெய். குறைந்தால் துள்ளும், கூடினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறிச் சீலையே தள்ளிவிடும்.

அன்று மாலை எனக்கு உண்டான கர்வத்தை வர்ணிக்க இயலாது. அது சரியாகப் பதினைந்து நாள் நீடித்தது. பதினாறாம் நாள் காலையில், அதே காலில், அதே மோதிரம்!

இந்தத் தடவை நான் துணியைத் தேடவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே பாயிடம் போனேன். எங்கள் ஊரில் அந்த வயதான மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்றுதான் அழைப்போம். அவர் சீலைப் பார்க்கவே இல்லை. குழாயைத் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரல் நகத்தை மேலிருந்து கீழே மெதுவாக ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது.

"இங்கே வைத்துப் பாருங்கள், வாத்தியார் ஸார்."

வைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு முள் நகத்தில் தட்டியது. கடுகில் பாதி இராது. துருப் பிடித்த சிறு பள்ளம், அதன் விளிம்பு கூராக நின்றது.

"சீல் என்ன செய்யும் ஸார்? கத்தியின் மேல் உதட்டை வைத்துத் தேய்த்தால் உதடு கிழியத்தானே கிழியும்? நீங்கள் அடிபட்டவனை மாற்றினீர்கள், அடித்தவனை விட்டுவிட்டீர்கள். வண்டி எப்போதாவது நெடுநாள் நின்றதா?"

2020ஆம் வருஷத்து ஊரடங்கு ஞாபகத்துக்கு வந்தது. மாதக் கணக்கில் வண்டி மழைச் சாரல் படும் சுவரோரம் அசையாமல் நின்றது. ஒரு தடவை துடைத்து, எண்ணெய்க் கை பட்டிருந்தால் போதும். துடைக்க வேண்டிய காலத்தில் துடைக்காதவன், துடைக்கக் கூடாத காலத்தில் துடைத்துக்கொண்டிருந்தேன்!

ஒழுகுவதெல்லாம் இவ்வளவு பெரிய வியாதியல்ல என்றும் பாய் சொன்னார். சில சமயம் உதட்டுக்கு அடியில் மணல் சிக்கியிருக்கும். பழைய போட்டோ பிலிமில் ஒரு துண்டு வெட்டி, ஓரத்தில் கொக்கி போல் நறுக்கி, சுற்றி இழுத்தால் வெளியே வந்துவிடும். பள்ளம் மேலாக இருந்தால் மிக நைஸான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துத் தேய்த்து விளிம்பை மழுக்கலாம். ஆழமானால் மறுபடி குரோமியம் பூசவேண்டும், அல்லது குழாயை மாற்றவேண்டும். என்னுடையது ஆழம். புதுக் குழாய் வாங்கி, அது வளையாமல் இருக்கிறதா என்று கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்து, புதுச் சீலோடு பொருத்தினோம்.

அன்றிரவு சாப்பிட்டு முடித்ததும் மனைவியிடம் கொல்லிமலை விஷயத்தைச் சொன்னேன். பஸ்ஸில் ஏற்றினதையும், ஒரு மாதமாகத் துணியால் துடைத்ததையும் சொன்னேன்.

"தெரியும். பெண் அன்றைக்கே சொல்லிவிட்டாள். துணி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் இருந்ததும் தெரியும். நீங்களாகச் சொல்லுகிறீர்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை!

மாதங்கள் பல சென்றுவிட்டன. இப்போதெல்லாம் காலையில் வண்டியண்டை குனிந்து, குழாயின் மேல் ஒரு தரம் நகத்தை ஓட்டிப் பார்க்கிறேன். வாசலில் கோலம் வெள்ளையாகவே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மறுபடியும் கொல்லிமலை போகலாம் என்று என் பெண் சொல்லுகிறாள். இறங்கும்போது அவள் எண்ணாமல் விட்ட வளைவுகள் நாற்பத்தெட்டு பாக்கி இருக்கின்றனவாம்.