அம்மாவின் அறுபதும் ஒரு கோப்பை கணவாயும்

2024 ஆடியில் அம்மாவுக்கு அறுபது முடிந்தது. அதே கிழமைதான் கனடா விசாவுக்குக் கைரேகை குடுக்கவும் மெடிக்கல் செய்யவும் கொழும்புக்குப் போகவேண்டி வந்தது. திகதியைப் பார்த்தால் கைரேகை வெள்ளிக்கிழமை. பிறந்தநாளும் அதே வெள்ளிதான். "அப்ப கொழும்பிலயே ஒரு நல்ல இடத்தில இரவுச் சாப்பாடு குடுப்பம்" என்று நாங்கள் மூன்று பேரும் முடிவெடுத்தோம். வீட்டில் ஒரு புட்டுக்கேக்கும் பாயசமும் என்று போகிற பிறந்தநாள்கள்தான் எங்களுடையவை. அம்மாவை ஒரு ரெஸ்ரோரண்டில் இருத்தி, வேறு ஆரும் பரிமாற, அவ சாப்பிடுறதை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

ஆரும் வாய்விட்டுச் சொல்லாத காரணமும் ஒன்று இருந்தது. அண்ணா போட்டிருந்தது சூப்பர் விசா. கிடைத்தால் ஒருமுறை போய் ஐந்து வருசம் வரைக்கும் இருக்கலாம். அடுத்த பிறந்தநாளுக்கு அம்மா எங்களோடு இருப்பாவோ என்று எங்களுக்குத் தெரியாது.

ஒரு மாதத்துக்கு முன்னமே வட்சப்பில் குறூப் ஒன்று திறந்தோம். கொழும்பில் சாப்பாட்டுக் கடை தேடுறது இவ்வளவு பாடு என்று அப்பதான் தெரிந்தது. றிவியூக்களில் எல்லாருமே "வைப் நல்லம்" என்று எழுதியிருக்கிறார்கள். படி எத்தனை, ஏசிக்குக் கீழே இருக்க வேணுமா, ரொய்லெட் எந்த மாடியில், பாட்டைக் கொஞ்சம் குறைப்பார்களா என்று ஒருத்தரும் எழுதவில்லை. முழங்கால் நோ உள்ள ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு வேண்டியது அதுதான். விலையையும் நம்பேலாது. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் ரெண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் 10 வீதம் சேர்விஸ் சார்ஜ், அதுக்கு மேலே 18 வீதம் வற். ஆயிரம் ரூபா என்று வாசிக்கிற சாப்பாடு பில்லில் கிட்டத்தட்ட 1300 ஆக வரும். இது தெரியாமல் நாங்கள் முதல் போட்ட பட்ஜெட்டைப் பார்த்து அக்கா சிரித்தா.

அண்ணா ரொறன்ரோவில் இருந்து லிங்காக அனுப்பினான். கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களின் பஃபே. "காசைப் பற்றி யோசிக்காதேங்கோ, நான் போடுறன், நல்ல ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கோ." பிறகு தாமரைக் கோபுரத்தில் சுத்துற ரெஸ்ரோரண்ட் இருக்குது என்றான். அம்மாவிடம் சும்மா கேட்பது போலக் கேட்டுப் பார்த்தோம். "சுத்துற இடத்தில இருந்து சாப்பிட்டால் எனக்குச் சத்தி வரும்" என்று அந்தக் கதை முடிந்தது. நடுவிலான் சங்கக்காரவும் மகேலவும் பங்காளிகளாக இருக்கிற நண்டுக் கடையைச் சொன்னான், பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இருக்கிறதே, அது. விலையைப் பார்த்துவிட்டு அவனே அழித்தான். யாழ்ப்பாணத்தில் இருந்து இரவு பஸ் ஏறிப் போய்க் கொழும்பில் நண்டு தின்னுறதோ என்று அக்கா வேறு கேட்டா.

எல்லாத்துக்கும் மேலே, அண்டைக்கு வெள்ளி. அம்மா வெள்ளியில் மச்சம் தொடமாட்டா. ஆகவே தேடலைச் சைவத்துக்குச் சுருக்கினோம். பம்பலப்பிட்டிப் பக்கம் கொஞ்சம் வசதியான ஒரு சைவ ரெஸ்ரோரண்டில், கீழ்த்தளம், ஐந்தாறு பேர் இருக்கிற மேசை, வெள்ளி இரவு ஏழு மணி என்று புக் பண்ணினோம். அம்மாவுக்குப் பிடித்த இடம்தான் என்று எங்களுக்குள் ஒரே திருப்தி. அவவிடம் கேட்கவேணும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கேட்டாலும் "எனக்கு என்ன, எதெண்டாலும் சரி" என்பாதானே.

ரயில் பாதை திருத்த வேலையால் யாழ்ப்பாண ரயில் நின்றிருந்த காலம் அது. செவ்வாய் இரவு பஸ் ஏறிப் புதன் விடிய வெள்ளவத்தையில் இறங்கினோம். பின்னேரம் காலிமுகத்திடல். காற்றில் பட்டங்கள், கொடிக்கம்பம், நிறையச் சனம். இறால் வடை வாங்கிக் குடுத்தோம். அம்மா இறாலைத் தலையோடு கடித்து, வெங்காயச் சம்பலையும் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னா:

"உங்கட சாப்பாட்டை நாளைக்கு வைப்பமே?"

"ஏன் அம்மா? வெள்ளிதானே பிறந்தநாள்."

"அது திகதி. நட்சத்திரம் நாளைக்குத்தான். பஞ்சாங்கம் பார்த்துத்தான் வந்தனான்."

"சரி, கடையைக் கேட்டு மாத்துறம்."

"அந்தச் சைவக் கடை வேண்டாம். எனக்குச் சைனீஸ் கடையில பொரிக்கிற அந்தக் கணவாய் வேணும். பட்டரில பொரிச்சுச் செத்தல் மிளகாய் போட்டது."

நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ஹொட் பட்டர் கணவாய். சீனாவில் தேடினால் கிடைக்காத சீனச் சாப்பாடு, இலங்கைச் சைனீஸ் கடைகளின் சொந்தச் சரக்கு. ஆனால் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்?

1999இல் அப்பா வெளிநாட்டுக்குப் போக ஏஜென்சிக்குக் காசு கட்டியிருந்தார். எல்லாருமாகக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கொழும்புக்கு வந்து, லொட்ஜில் பொலிஸ் பதிவோடு ரெண்டரை மாதம். இது எங்களுக்கும் தெரிந்த கதை. பயணம் சரிவரவில்லை, ஏஜென்சிக்காரனையும் காணவில்லை என்பதோடு வீட்டில் அந்தக் கதை முடிந்துவிடும். மிச்சத்தை அண்டைக்குத்தான் கேட்டோம். ஊருக்குத் திரும்ப முதல்நாள் இரவு, கையில் இருந்த காசை எண்ணிப் பார்த்துவிட்டு அப்பா எல்லாரையும் ஒரு சைனீஸ் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஒரு ஃபிரைட் றைஸ், ஒரு கணவாய். அண்ணாவுக்குப் பத்து வயது, அக்காவுக்கு ஏழு, நடுவிலானுக்கு நாலு. கடைசி அப்ப பிறக்கவில்லை.

"எனக்கு ரெண்டு துண்டு வந்தது" என்றா அம்மா. "நல்லாத்தான் இருந்தது."

இருபத்தைந்து வருசமாக அவ அதைச் சொல்லவில்லை. சொல்லுறதுக்கு எங்கே இடம் இருந்தது? ஊரில் கணவாய் வாங்கினால் கறிதான். அதுவும் அப்பாவுக்குப் பிடித்த மாதிரித்தான். அப்பா இறந்து ஒன்பது வருசத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டுக் கணவாய்க்கறி அவருடைய உறைப்பில்தான் இருக்கிறது.

அண்டிரவு லொட்ஜ் அறையில் தேடல் திரும்பவும் முதலில் இருந்து. முதலில் ஒரு விசர் வேலை பார்த்தோம். அந்தப் பழைய கடையையே கண்டுபிடிக்க வெளிக்கிட்டோம். பெயர் என்ன, எந்த ஒழுங்கை? அம்மாவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் ஒரு சிவப்பு லாம்பும், ரயில் போகேக்க மேசை அதிர்ந்ததும்தான். அக்காவுக்கு அதுவும் இல்லை. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற அரைவாசிக் கடைகளுக்கு அது பொருந்தும். பத்து மணிக்கு அம்மா போர்வைக்குள் இருந்து, "கடை வேண்டாம், கணவாய் காணும். லைற்றை நூருங்கோ" என்றா.

வியாழன் மெடிக்கல் முடிய ஃபோன் அடித்தோம். முதல் கடையில் முன்பக்கம் முழுக்க பார். அதைத் தாண்டித்தான் ஃபமிலி ரூம் போகவேணும். ரெண்டாவது முழுக்க மேல்மாடி, லிஃப்ற் இல்லை. மூன்றாவதில் அண்டைக்கு ஆற்றையோ கல்யாண விருந்து. நாலாவது, வெள்ளவத்தையில் ஒரு ஒழுங்கைக்குள். எடுத்தவர் தமிழில் கதைத்தார். கீழ்த்தளம் இருக்குது, ஏசியைக் குறைக்கலாம், ஏழு மணிக்கு வந்தால் சனம் இல்லை. நட்சத்திரக் கணக்குப் பார்த்தால் 3.8தான். யோசிக்காமல் எடுத்தோம்.

இந்தக் கடைகளைத் தொடங்கியவர்களைப் பற்றிப் பிறகுதான் கொஞ்சம் வாசித்தோம். இலங்கைச் சீனர் மிகச் சின்னச் சமூகம். சைக்கிளில் துணி விற்றவர்கள், ஊர் ஊராகப் பல் வைத்தியம் செய்தவர்கள், பிறகு சாப்பாட்டுக் கடை போட்டவர்கள். அவர்களில் நாடற்றவர்களாகவே இருந்தவர்களுக்குக் குடியுரிமை குடுக்கிற தனிச்சட்டம் 2008இல்தான் வந்தது. அப்பா பொலிஸ் பதிவுத் துண்டைப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டு சாப்பிட்ட அந்த இரவில், கல்லாவில் இருந்தவரும் ஏதோ ஒரு துண்டைப் பத்திரமாக வைத்திருந்திருக்கலாம்.

சிவப்பு மேசைச்சீலை, நடுவில் சுத்துற கண்ணாடித் தட்டு. அம்மா அதை விரலால் ஒருக்கால் தள்ளிப் பார்த்தா. கோபுரத்தை நாங்கள் ஞாபகப்படுத்தவில்லை. ஃபிரைட் றைஸ் ஒரு லார்ஜ், கங்குன், ஒரு கோழி, கணவாய் ரெண்டு. ஒன்று எங்களுக்கு. மற்றதை அம்மாவுக்கு முன்னால் வைத்து, கண்ணாடித் தட்டில் வைக்கவேண்டாம் என்று பரிமாறினவரிடமும் சொன்னோம்.

"இது முழுக்க எனக்கோ? உங்களுக்கு விசரே?"

ஆனால் சாப்பிட்டா. முள்ளுக்கரண்டியை விட்டுவிட்டுக் கையால். மெதுவாக, ஒவ்வொரு துண்டாக, வெங்காயத்தாளைக்கூட விடாமல். பதினைந்து நிமிசம் ஒரு கதையும் இல்லை. ஏழெட்டுத் துண்டு மிச்சம் இருக்கேக்க வழமைபோல எங்கள் கோப்பைகளைப் பார்த்தா. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கோப்பையைக் கையால் மூடினோம். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

எட்டு மணிக்கு அண்ணா வீடியோவில் வந்தான். அங்கே காலை பத்தரை, வேலைக்கு நடுவில். ஹோட்டலை எதிர்பார்த்தவன் சிவப்புச் சீலையைக் கண்டு, "இது எங்கயடா?" என்றான். அக்கா கமராவைக் கோப்பைக்குத் திருப்பினா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தோம்.

"கணவாயோ அம்மா?"

"ஓமடா."

"அண்டைக்கு நான்தான் கனக்கச் சாப்பிட்டனான்" என்றான். அம்மா சிரித்து, "நீ வளருற பிள்ளை" என்றா. பிறகு அவன் முகத்தைக் காட்டாமல் கூரையைக் காட்டிக்கொண்டு கதைத்தான். பில்லுக்கு அவன் அனுப்பிய காசில் பாதிகூட முடியவில்லை. மிச்சத்தில் அம்மாவுக்குக் குளிர் ஜக்கெற் வாங்கச் சொன்னான். அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

மிஞ்சியதைப் பாசல் கட்டித் தந்தார்கள். வெள்ளி காலமை முழுகி விபூதி பூசிய அம்மா சைவக் கடையில் இருந்து வந்த இட்டலியைச் சாப்பிட, நாங்கள் கட்டிலில் இருந்து ஆறின கணவாயைத் தின்றோம். ஆறினால் அவ்வளவு நல்லமில்லை என்றதையும் சொல்லத்தான் வேணும்.

கைரேகை குடுக்கிற இடத்தில் துணைக்கு அக்காவை உள்ளே விட்டார்கள். அம்மாவின் பெருவிரல் மூன்று முறை பதியவில்லை. துடைத்துத் துடைத்து வைத்தார்கள். அந்த நேரத்தில் கவுண்டரில் இருந்த பிள்ளை பாஸ்போட்டைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கோ? ஹெப்பி பேர்த்டே அம்மே" என்றாளாம்.

"அது நேற்றே முடிஞ்சுது, பிள்ளை" என்று சொல்லிவிட்டு, அம்மா விரலைத் திரும்பவும் கண்ணாடியில் வைத்தாவாம்.