தாகத்தோடு திரும்பிய மான்

நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் இப்பொழுது அமெரிக்காவின் மலைநாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றி வருகிறார். சென்ற ஆண்டு அவர் எழுதிய மடலில் ஒரு செய்தி நம்மைக் கவர்ந்தது. அங்கே இலையுதிர் காலத்தில் 'எல்க்' என்னும் பெரிய மானை வேட்டையாட அரசு உரிமம் வழங்குகிறது. பருவம் தொடங்கும் முன்பே மக்கள் துப்பாக்கியை வீட்டில் வைத்துவிட்டுக் கேமராவோடு மலையேறி, மான் மேயுமிடமும் நீருண்ணுமிடமும் தேடி அலைவார்களாம். தாமும் உடன் சென்றதாகவும், வேட்டையைவிடத் தேடலே இனித்ததாகவும் எழுதியிருந்தார்.

எல்க் நம் நாட்டு விலங்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர், அங்குள்ள கடமானை அப்பெயரால் அழைத்தனர். நம் புதுக்கோட்டைச் சீமையிலோ புள்ளிமான் உண்டு. 1948-இல் இந்தியாவோடு இணையும்வரை இது தொண்டைமான் மன்னர்களின் தனியரசு. அவர்களது வேட்டைக்கென்று காடுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப்பின் மானை வேட்டையாடுவது குற்றம். ஆனால் படம் பிடிக்கலாமன்றோ! குருத்துவ வெள்ளிவிழாவில் பங்கு மக்கள் பரிசளித்த கேமரா அலமாரியில் உறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்காவுக்கு அடுத்த வாரம் அதை எடுத்துக்கொண்டு நார்த்தாமலைப் பக்கம் புறப்பட்டோம்.

நார்த்தாமலை என்பது ஒரே மலையன்று. மொட்டைப் பாறைக் குன்றுகளின் கூட்டம். மேலமலையின் சரிவில் விசயாலய சோழீச்சுரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயில் காய்ந்து நிற்கிறது. பாறை இடுக்குகளில் காரையும் சூரையும் களாவும் முள் விரித்துக் கிடக்கின்றன. காப்புக்காட்டினுள் அனுமதியின்றிப் புகலாகாது; ஆகவே காட்டை ஒட்டிய ஒரு குட்டையின் கரையே நம் எல்லையாயிற்று.

வழிகாட்டியாக வந்தவர் நம் பங்கைச் சேர்ந்த ஆடு மேய்க்கும் முதியவர். காட்டை அவர் நூலைப்போல் வாசித்தார். ஆட்டுக் குளம்புக்கும் மான் குளம்புக்கும் உள்ள வேற்றுமையை ஈரமண்ணில் காட்டினார். கலைமான் கொம்பை உரசிப் பட்டை உரித்த இளமரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். நாம் அமர்ந்த இடத்தை இருமுறை மாற்றினார். "சாமி, காத்து நம்ம முதுகுப் பக்கமிருந்து வீசுது. வாசம் முன்னாடியே போயிரும்" என்றார்.

முதல் இரு நாள்களும் மயில்களும் கீரிப்பிள்ளை ஒன்றும் மட்டுமே கிடைத்தன. அப்பொழுது மா. கிருஷ்ணனை நினைத்துக்கொண்டோம். 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்த அந்தத் தமிழர், வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்துத் தாமே அமைத்த கேமராவால் கறுப்பு வெள்ளையில் இந்தியக் காட்டுயிர்களைப் படம்பிடித்தவர். அவரது பொறுமையில் ஒரு பங்கு நமக்கும் வாய்க்க வேண்டினோம்.

மூன்றாம் நாள் விடியலில் வந்தது ஒரு பெண்மான், பின்னே குட்டியோடு. விலாவெலும்பு தெரிய மெலிந்திருந்தது. நீருக்குப் பத்தடி முன்பாக நின்று செவிகளைத் திருப்பியது. நமக்கோ கை நடுங்கியது. இன்னும் தெளிவாகக் கிடைக்கட்டும் என்று முழங்காலில் சற்றே முன்னகர்ந்து பொத்தானை அழுத்தினோம். ஓசை கேட்டதும் அது முன்னங்காலால் தரையை ஓங்கி மிதித்தது. கூரிய குரலொன்று எழுப்பித் திரும்பி ஓடிற்று. ஒரு மிடறும் குடிக்கவில்லை.

"படம் விழுந்துச்சா சாமி?" என்று கேட்டார் முதியவர். விழுந்தது என்றோம். அவர் சற்று நேரம் குட்டையையே பார்த்திருந்துவிட்டு, "சுத்துவட்டாரத்துல இப்போ தண்ணி கெடக்குறது இது ஒண்ணுலதான். இனி ரோட்டைத் தாண்டி ஊருக்குள்ள வரும். அங்க நாய் கெடக்கு" என்றார். குரலில் கோபமில்லை. அதுவே நம்மைச் சுட்டது.

இரண்டு நாள் கழித்துச் சாலையோரத்தில் நாய்கள் கடித்துக் குதறிய ஒரு பெண்மான் கிடந்ததாகச் செய்தி வந்தது. அதுதான் இதுவா என்று அறியோம். அறிய வழியுமில்லை. குட்டியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலைச் செபத்தின்போது 42-ஆம் திருப்பாடல் நினைவில் எழுந்தது. தாகமுற்ற மானை ஆன்மாவுக்கு உவமையாக்கும் அப்பாடலைக் குருமட நாள் முதல் செபித்து வருகிறோம். பாஸ்கா திருவிழிப்பிலும் பாடக் கேட்கிறோம். பலமுறை விளக்கி மறையுரையும் ஆற்றியிருக்கிறோம். ஆயினும் அந்த மானை நாம் வெறும் உவமையாகவே வைத்திருந்தோம். அதற்கு உண்மையாகவே தாகம் எடுக்கும் என்பது ஐம்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. அதற்கும் நீருக்கும் நடுவே மண்டியிட்டிருந்தவர் நாமே என்பதும் உறைத்தது.

வேடனிடம் வில் உண்டு. அவன் தன்னை வேடன் என்று அறிவான். நம் கையில் இருந்தது கேமரா. ஆகவே நம்மைக் குற்றமற்றவர் என்று எண்ணிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு திருப்பலிக்குப்பின் இதைப் பங்கு மக்களிடம் மறைக்காமல் சொன்னோம். கோடை முடியும்வரை இரவில் நாய்களைக் கட்டிவைக்கச் சில வீட்டார் இசைந்தனர். காட்டோரத் தொட்டிகளில் நீர் நிரப்பக் கோரி இளைஞர்கள் வனத்துறைக்கு மனு எழுதினர். சிறு செயல்களே.

அந்தப் படத்தை நாம் அழிக்கவில்லை. முகம் தெரியவில்லை, திரும்பிய முதுகும் உயர்ந்த வெள்ளை வாலும், ஓரத்தில் கலங்காத நீரும்தான் அதில் உள்ளன. பாவசங்கீர்த்தனம் கேட்கச் செல்லுமுன் அதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறோம். தாகத்தோடு வருகிறவர் எவரையும் நாம் திருப்பி அனுப்பிவிடலாகாதே!