ஒரே கேம், இரண்டு கம்ப்யூட்டர்



பேரனுக்கும் பேத்திக்கும் தனித்தனி கம்ப்யூட்டர். வாங்கிய கேமோ ஒன்றுதான். ஸ்டீமில் 2024 முதல் ஒரே வீட்டில் ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். சேர்ந்து ஆட இன்னொன்று வாங்கவேண்டும். அம்புலிமாமா காலத்துக் கணக்குதான்!

இன்னொரு விதியும் உண்டு. இரவல் வாங்கியவர் அழுகுணி ஆட்டம் ஆடிப் பிடிபட்டால், சொந்தக்காரருக்கும் அந்த கேமில் தடை. இதைப் படித்ததும் பேரன் இரண்டு நாள் யோசித்தான்.

"நான் அப்படிச் செய்வேனாண்ணா?" என்றாள் தங்கை.

மூன்றாம் நாள் கொடுத்துவிட்டான். இப்போது அவள் ஆடும்போதெல்லாம் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். காவலா, வேடிக்கையா? கேட்டால் சிரிக்கிறான்.